மூவர் காத்திருந்த மாலை

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணி. கப்பல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் வந்து நின்றது. நாகப்பட்டினத்தில் ஏறியதிலிருந்து எட்டாம் நாள். பினாங்கில் ஒரு பகல் நின்றதைத் தவிர மற்ற நேரமெல்லாம் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. நான் இரண்டாம் வகுப்புச் சீட்டு வாங்கியிருந்ததால், மருத்துவர் என் நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கை காட்டினார். மேல்தட்டில் வந்த தோட்டத் தொழிலாளிகளை நோய்த் தடுப்பு முகாமுக்கு வரிசையாக அழைத்துச் சென்றார்கள். சாயங்காலமானால் என்னைச் சூழ்ந்து உட்கார்ந்து பாடச் சொல்லிக் கேட்டவர்கள் அவர்கள். ஒருவரிடமும் சொல்லிக்கொண்டு வர முடியவில்லை.

மலாயாவைச் சுற்றிப் பார்க்க நான் வரவில்லை. என் தம்பி வைத்திலிங்கத்தை ஊருக்கு அழைத்துப் போக வந்தேன். நான் வாய்ப்பாட்டுக்காரன். பதினாறு வயதிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடில் வாசித்தவன் அவன். நான் எங்கே மூச்சு விடுவேன், எங்கே சறுக்குவேன் என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். ஒரு மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் காரணம் ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

நடந்தது இதுதான். காவிரிக் கரையில் ஒரு கோயில் உற்சவம். மூவாயிரம் பேர் கூட்டம். பல்லவி நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தபோது அவன் பிடிலின் மேல் தந்தி அறுந்தது. நான் நிறுத்தவில்லை. எங்கள் வழக்கத்தில் பாடுகிறவன் நிறுத்துவதில்லை. தந்தி அறுந்தவன் தலையைக் குனிந்துகொண்டு தானாகக் கட்டிக்கொள்ள வேண்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "தந்திதான் அறுந்தது, என் தொண்டை அறுந்துவிடவில்லையே!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். மூவாயிரம் பேரும் சிரித்தார்கள். அவன் அவசரத்தில் முறுக்க, தந்தி சுற்றிய முளையான பிருடை வழுக்கித் தந்தி கன்னத்தில் அடித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் கால் மணி நேரம் தனியாகப் பாடிக் கைதட்டல் வாங்கினேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. "ரெண்டு பேரும் ஒரே மேடைல உக்காந்து ஒரு தடவை பாத்துட்டாப் போதும்டா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அழைத்து வருகிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.

காலை ஒன்பது மணி. துறைமுகத்திலிருந்து கோலாலம்பூருக்கு இருபத்தேழு மைல். மூன்றாம் வகுப்பு ரயில் கட்டணம் எழுபது காசு. இங்கே நூறு காசு ஒரு வெள்ளி. ஒரு வெள்ளி நம் ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கிள்ளானில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் கருவாட்டு மூட்டையோடு ஏறி என் எதிரில் உட்கார்ந்தார். என் ஜரிகை அங்கவஸ்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊர்லேருந்து புதுசா வரீங்களாண்ணே? எங்க எறங்கணும்?"

"பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே குவார்ட்டர்ஸில் தம்பி இருக்கிறான்."

"அப்போ கோலாலம்பூர் ஸ்டேஷன்ல எறங்குங்க. நடக்குற தூரம்தான்லா. ரிக்‌ஷாக்காரன் அம்பது காசு கேப்பான், குடுத்துறாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கவஸ்திரத்தை மடிச்சு உள்ள வைங்க. கரி பறக்கும்" என்றார்.

பத்து தீகா, பெட்டாலிங் என்று நிலையங்கள் வந்து போயின. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். வகிடு எடுத்தாற்போல வரிசை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்ததில், தம்பியிடம் முதலில் என்ன சொல்வது என்று ஊரிலிருந்து மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் கலைந்துவிட்டது.

காலை பதினொன்றரை. கடைக்காரர் சொன்னதைக் கேட்காமல் ரிக்‌ஷா ஏறினேன். ஐம்பது காசு கேட்டவனிடம் முப்பதுக்குப் பேசி முடித்துப் பெரிய சமர்த்தன் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது நிமிஷம் இறக்கிவிட்டான். செங்கல் சூளைகள் இருந்ததால் வந்த பெயராம் பிரிக்பீல்ட்ஸ். இப்போது பார்த்தால் நம் ஊர்த் தெரு ஒன்றைப் பெயர்த்து வைத்தது போலிருக்கிறது: பூக்கடை, மிளகாய் அரைக்கும் வாசனை, சங்கிலி மாட்டிய சைக்கிள்கள், கொஞ்ச தூரத்தில் கோயில் மணி, அதற்கும் கொஞ்ச தூரத்தில் மாதாகோயில் மணி.

கதவைத் திறந்தது தம்பியின் மனைவி ரோசம்மாள். ரயில் ஓட்டுநரின் மகள், இங்கேயே பிறந்தவள், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். இந்தக் கல்யாணம் எங்களுக்குக் கடிதத்தில்தான் தெரியும். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்தாள். அதை என் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரோசம்மாள் வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடுங்க அத்தான். இது சயாம் அரிசி, நம்ம ஊரு அரிசி மாதிரி இருக்காதுன்னு அவங்க சொல்வாங்க. எனக்கு ஊரு அரிசி எப்படி இருக்கும்னே தெரியாது" என்றாள்.

வைத்திலிங்கம் ரயில்வே சரக்குக் கணக்கராக இருக்கிறான். மாலை ஐந்து மணிக்குத்தான் வந்தான். கால்சட்டை, தொப்பி, காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "வாங்கண்ணே. பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?" என்றான். மேலதிகாரியிடம் பேசுவது போன்ற மரியாதை. ஓடி வந்து கட்டிக்கொள்வான் என்று நினைத்த என் மடத்தனத்தை என்னவென்று சொல்வது!

கூடத்தில் நான்கு நாற்காலிகள், நான்கு மரத் தாங்கிகள், அவற்றின் மேல் வெள்ளைக்கார சங்கீதம் அச்சடித்த காகிதங்கள். அவனும் மூன்று நண்பர்களும் ஞாயிறுதோறும் சேர்ந்து வாசிக்கிறார்களாம். நாற்காலியில் உட்கார்ந்து, பிடிலைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, காகிதத்தைப் பார்த்து வாசிப்பதாம். காலில் ஊன்றி மார்பில் சாய்த்து எங்கள் தகப்பனார் சொல்லிக்கொடுத்த கை!

"காகிதத்தைப் பாத்து வாசிக்கிறதுக்கு வித்வான் எதுக்குடா? குமாஸ்தா போதாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அவன் குமாஸ்தா என்பது ஞாபகம் வந்தது.

அவன் கோபப்படவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் ஒரு கச்சேரி இருக்கு. ஐரோப்பாவுல ரொம்பப் பேர் எடுத்த நாலு பேரு. ஜாவாவுல வாசிச்சுட்டு ஜப்பான் போற வழியில இங்க ஒரே ஒரு நாள். உங்களுக்கும் டிக்கெட் வாங்கியிருக்கேன். வரீங்களா?" என்றான். வருகிறேன் என்றேன். நான் வந்த விஷயத்தை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா தனியாக ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள் என்பது அலமாரியில் இருந்த உறையைப் பார்த்ததும் தெரிந்தது.

சனிக்கிழமை, மாலை நாலரை மணி. 'பாடாங்' என்கிற பெரிய புல்வெளிக்குப் பக்கத்தில் மண்டபம். முன் வரிசை ஐந்து வெள்ளி. எங்களுடைய கடைசி வரிசை ஒரு வெள்ளி. முன்னால் துரைமார்களும் துரைசானிகளும், நடுவில் சீனத் தனவந்தர்கள் சிலர். பின்னால் எங்களைப் போன்றவர்கள் இருபது பேர் இருக்கலாம். தலைக்கு மேல் மின்சார விசிறிகள் சுற்றின. ரோசம்மாளின் கட்டளைப்படி தம்பியின் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்குளில் இறுக்கிப் பிடித்தது.

ஐந்து மணிக்கு நால்வர் வந்தார்கள். இரண்டு பிடில், அதைவிடச் சற்றுப் பெரிதான வயோலா, கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ. முதல் பிடில்காரர் உயரமானவர், பஞ்சு போல் நரைத்த தலை. இரண்டாவது பிடில்காரர் வழுக்கை. கணக்குப் பிள்ளை மாதிரி அடக்கமான முகம். தம்புரா இல்லை, மிருதங்கம் இல்லை. யார் பாட்டு, யார் பக்கவாத்தியம் என்று தேடினேன்.

"ரெண்டாவது ஆளைப் பாத்துக்கிட்டே இருங்க" என்று தம்பி காதோடு சொன்னான். "ஏன்?" என்றேன். "நான் அந்த எடந்தான் வாசிக்கிறேன்" என்றான்.

முதல் உருப்படி சங்கராபரணம் மாதிரி ஆரம்பித்தது. அப்பாடா என்று சாய்ந்தேன். நாலு அடி போவதற்குள் ராகத்தை விட்டுவிட்டு வேறு எங்கேயோ கிளம்பிவிட்டார்கள். வழிதவறிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆனால் நாலு பேரும் ஒரே மாதிரி வழிதவற முடியாதல்லவா? ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி, அவர் முடிக்கும் முன் மூன்றாமவர் ஆட்சேபிக்க, நாலாமவர் அடியில் நின்று எல்லோரையும் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுப் பெரியவர்கள் கூடி முக்கியமான காரியம் பேசுவது போலிருந்தது. மெதுவான ஒரு பகுதி வந்தது. அதில் எனக்கு ஏன் கண் கலங்கியது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ராகம் தெரியாமல் அழுதது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த பகுதி துரித காலம். ஆதி தாளத்தில் அடக்கிவிடலாம் என்று கண்டுபிடித்ததும் எனக்குப் பழைய திமிர் திரும்பிவிட்டது. தொடையில் தட்டிக் கணக்கிட ஆரம்பித்தேன். மண்டபத்தில் வேறு ஒருவர் கையும் அசையவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. நாலு பேரும் உச்சத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது டப்பென்று ஒரு சத்தம். இரண்டாவது பிடில்காரரின் தந்தி அறுந்து முகத்துக்கு முன்னால் சுருண்டு தொங்கியது.

நான்கு வில்லும் ஒரே கணத்தில் மேலே எழுந்து நின்றன. சங்கீதம் நின்றது. என் கை மட்டும் நிற்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம். பக்கத்தில் என்ன அறுந்தாலும் தாளம் விடக்கூடாது என்று ஊறிப்போன கை. அந்த நிசப்தத்தில் பளார், பளார் என்று மூன்று அடி என் தொடையில் விழுந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. முன் வரிசையில் ஒரு துரைசானி திரும்பிப் பார்த்தாள். நடுவில் சிலர் திரும்பினார்கள். நாலாவது அடிக்குத் தூக்கிய கையைத் தம்பி பிடித்து மெதுவாகக் கீழே அழுத்தி வைத்தான். பதினோரு வருஷத்தில் அவன் என்னைத் தொட்டது அப்போதுதான்.

எனக்குத் தலை நிமிரவில்லை. தாளம் தப்பியதற்காக அல்ல. அந்த மூன்று அடியும் நான் யார் என்பதை அவனுக்கு முன்னால் திரும்பவும் சொல்லிவிட்டன.

வழுக்கைத்தலையர் எழுந்து லேசாகத் தலைவணங்கிவிட்டு உள்ளே போனார். மற்ற மூவரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை, சுருதி பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முதல் பிடில்காரர் பக்கத்திலிருந்த காலி நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஐந்து வெள்ளி கொடுத்தவரும் ஒரு வெள்ளி கொடுத்தவரும் சேர்ந்து காத்திருந்தோம். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நாலு நிமிஷம் இருக்கும். அந்த நாலு நிமிஷத்தைப் போல நீளமான கச்சேரியை நான் கேட்டதில்லை.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மூவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையசைத்த பிறகுதான் வில்லை எடுத்தார்கள். விட்ட இடத்திலிருந்து அல்ல. அந்தப் பகுதியின் முதல் அடியிலிருந்து திரும்ப ஆரம்பித்தார்கள். நான் இரண்டு கையையும் கோர்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மாலை ஏழு மணி. மண்டபத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு மைல் சொச்சம். நடந்தே வந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. ரயில் நிலையத்தின் வெள்ளைக் கோபுரங்களில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா மொதல்லேருந்து எடுத்தாங்க? விட்ட எடம் அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. விட்ட எடத்துலேருந்து எடுத்தா, அறுந்தது அவரு ஒருத்தரோட குத்தம் மாதிரி ஆயிரும். மொதல்லேருந்து எடுத்தா நாலு பேரும் சேந்து ஆரம்பிச்ச மாதிரி."

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, நடுத்தெருவில், தேங்கிய தண்ணீரில் கால் வைத்து நின்றுகொண்டு, "என்னை மன்னிச்சுருடா வைத்தி" என்றேன். எங்கள் குடும்பத்தில் மூத்தவன் இளையவனிடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வார்த்தை வாயில் புதிதாக இருந்தது.

"நீங்க சொன்ன வார்த்தைகூடப் பெருசில்லண்ணே. ரெண்டு நிமிஷம் நிறுத்தியிருந்தீங்கன்னா போதும். கட்டியிருப்பேன்" என்றான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் கால் துடைக்கத் துணி கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்று மணி. அவனுடைய நண்பர்கள் வந்தார்கள்: தந்தி ஆபீசில் வேலை பார்க்கும், பாதி வெள்ளைக்கார வம்சத்து யூரேசியர் ஒருவர், சீனப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இலங்கைத் தமிழர் ஒருவர். ரோசம்மாள் எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தைய நாள் கேட்டதற்கு இது ஏணி வைத்தாலும் எட்டாது. சீன வாத்தியாருக்கு நடுநடுவே வரி தவறியது. தவறும்போதெல்லாம் நாலு பேரும் நிறுத்தினார்கள். அவர் மலாயில் என்னவோ சொல்லித் தலையில் அடித்துக்கொள்ள, என் தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். சின்ன வயதில் வாய்க்காலில் குளிக்கும்போது சிரிப்பான். என்னோடு மேடை ஏறிய பத்து வருஷத்தில் ஒருநாளும் சிரித்ததில்லை.

"ஞாயித்துக்கிழமைன்னா அவங்க வேற ஆளு அத்தான். மத்த நாள்ல இந்த வீட்ல நான்தான் பேசணும்" என்றாள் ரோசம்மாள். அப்புறம் காகிதங்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "அவங்கள ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா?"

நான் தம்பியின் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் இரண்டாம் தடவை கேட்காமல் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை, பகல் இரண்டு மணி. தம்பி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துறைமுகம் வரை வந்தான். ரயிலில் இருபத்தேழு மைலும் எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றியே பேசினோம். யார் செத்தார்கள், யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்த நிலம் யாருக்குப் போயிற்று. கிள்ளான் ஆற்றைத் தாண்டும்போது பேச்சுத் தீர்ந்துவிட்டது. நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வா என்று அழைத்து அவன் மறுத்தால், அம்மா சாகும்வரை அவனை நொந்துகொள்வாள். நான் அழைக்கவே இல்லையென்றால் என்னைத்தான் நொந்துகொள்வாள். நோகட்டும்.

கப்பலடியில் சுமைதூக்குகிறவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். தம்பி குனிந்து என் காலைத் தொட்டான். நிமிர்ந்தவன், "அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டான்.

"நீ நல்லா இருக்கேன்னு சொல்றேன். ரோசம்மா நல்ல பொண்ணுன்னு சொல்றேன். வான்னு நான் உன்னைக் கேக்கவே இல்லைன்னும் சொல்லிடறேன்."

அவன் தொப்பியைக் கையில் வைத்து விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தான். முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"கேட்டிருந்தா வந்திருப்பேண்ணே" என்றான். "உங்ககிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதான் மூணு நாளா பயந்துகிட்டே இருந்தேன்."

கப்பல் சங்கு ஊதியது. அவனை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டேன். கோட்டு முழுக்கக் கரி. கப்பல் நகர்ந்து வெகுநேரம் வரைக்கும் அவன் கரையிலேயே நின்றான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். ஐந்தரை வண்டியைப் பிடித்தால் ரோசம்மாள் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.